மைக்கில் பாதி சொன்னால் போதும்

போன மாதம் ஒரு இளம் உதவி ஆய்வாளர் எனக்குப் போன் செய்தார். காவல்துறை விதிகளைத் திருத்தப் போகிறார்களாம். தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதால், யாருடைய விவரத்தைப் போலீஸ் பார்க்கலாம், பார்த்ததை யாரிடம் சொல்லலாம் என்று புதிதாக எழுத வேண்டுமாம். அதற்கு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். “உங்கள மாதிரி ஃபீல்டுல இருந்தவங்க வந்து நாலு வார்த்தை பேசணும்மா” என்றார்.

“ஏன்ப்பா, நான் இன்னா சட்டம் படிச்சவளா? ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சு போலீசுக்கு வந்தவ” என்றேன். பையன் விடவில்லை. சரி, சும்மா வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பதற்கு இது தேவலாம் என்று கிளம்பிப் போனேன்.

கூட்டத்தில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு அதிகாரி எழுந்து, “திருடன் ஒரு போனை வெச்சிக்கிட்டு ஊரையே ஏமாத்தறான். நாங்க மட்டும் ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டு நிக்கணுமா? போலீசுக்கு முழு விலக்கு வேணும்” என்றார். உடனே ஒரு வக்கீல் பெண்மணி எழுந்து, “ஸ்டேஷனுக்குப் போன விவரம் ஊருக்கே போன மாதிரி. முதல்ல அதுக்குப் பூட்டுப் போடுங்க” என்றார். இருவரும் முறைத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. அந்த இரண்டு நியாயமும் என் வேலைக் காலத்தில் ஒரே நாளில், ஒரே பெண்ணின் விஷயத்தில் வந்து நின்றன. அதைத்தான் அங்கே சொன்னேன். எழுதியும் கொடுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த நிலையம் என்று எழுதமாட்டேன், செஞ்சி வட்டாரம் என்பது போதும். என் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் எழுதமாட்டேன். ஏன் என்று முடிவில் தெரியும்.

நாங்கள் விவசாயக் குடும்பம். ஞாயிறு பூசைக்குப் போய் வந்து களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நைனா பேப்பரைக் காட்டி, “மேரி, போலீசுல பொம்பளைங்கள எடுக்கறாங்களாம், நீதான் ஓடுவியே” என்றார். ஓடினேன், எடுத்தார்கள். பயிற்சியில் லெப்ட் ரைட் போட்டதும் திட்டு வாங்கியதும் எல்லோருக்கும் உள்ளதுதான். அதன்பின் பல ஊர்களில் பந்தோபஸ்து, கோர்ட் வேலை என்று சுற்றி, தலைமைக் காவலராகிச் செஞ்சிப் பக்கமே வந்து சேர்ந்தேன். ஜனங்கள் என்னை ஏட்டம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

செஞ்சியில் எங்களுக்குப் பெரிய தலைவலி அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்கச் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி மாறும். பிள்ளைகள் தொலைவதும் கிடைப்பதும் அன்றைக்குச் சகஜம். பஸ் நிலையத்தில் போலீஸ் கூண்டு ஒன்று வைத்து மைக் கட்டியிருப்போம். என் தொண்டை பெரிது என்பதால் மைக் எனக்கு வந்தது.

அந்த வருஷம் புதிதாக ஒரு ஆய்வாளர் வந்திருந்தார். செல்வநாயகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் உயர்த்தவே மாட்டார். சட்டைப் பையில் வறுத்த மல்லாட்டை இருக்கும். நாம் பேசப் பேச ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே கேட்பார். உடைப்பது நின்றால் ஐயாவுக்குக் கோபம் என்று அர்த்தம். ஸ்டேஷனில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பதைவிட விரலைத்தான் பார்ப்போம்.

அவர் வந்த முதல் அமாவாசையில் ஒரு பெண் குழந்தை கிடைத்தது. நான் டீ குடிக்கப் போயிருந்த நேரம், கூட இருந்த காவலர் பாண்டியன் மைக்கைப் பிடித்து, “குழந்தையின் பெயர் திவ்யா, சிவப்பு கவுன், அப்பா பெயர் முருகன், ஊர் வந்தவாசி” என்று கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தான். ஐயா நேராக வந்து மைக் வயரைப் பிடுங்கினார்.

“இன்னாத்துக்குய்யா எல்லாத்தையும் நீயே சொல்ற? வர்றவன் சொல்றதுக்கு ஒண்ணு மீதி வையி” என்றார்.

பாண்டியனுக்குப் புரியவில்லை. “சொன்னாத்தானே ஐயா அப்பன் ஆத்தா வருவாங்க?”

“வருவாங்க. வேற எவனாவது வந்து, நான்தான் முருகன், இது என் பொண்ணு திவ்யான்னு சொன்னா இன்னா பண்ணுவ? தூக்கிக் குடுத்துடுவியா?”

அன்றிலிருந்து எங்கள் கூண்டில் ஒரு வழக்கம் வந்தது. “ஒரு குழந்தை இங்கே இருக்கிறது, பெற்றோர் வந்து அடையாளம் சொல்லவும்.” மைக்கில் அவ்வளவுதான். பெயர், உடை, ஊர் எல்லாம் வருகிறவர் வாயிலிருந்து வர வேண்டும். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லமாட்டோம். எங்கள் வழக்கம் பிடிக்காமல் திட்டியவர்கள் உண்டு. ஆனால் பிள்ளை மாறிப் போனது என்ற பேச்சு எங்களிடம் வந்ததே இல்லை.

ஸ்டேஷனிலும் ஐயா அப்படித்தான். யாராவது ஒரு விவரம் கேட்டால், கட்சிக்காரராக இருந்தாலும் சரி, மேலதிகாரியின் டிரைவராக இருந்தாலும் சரி, அவர் முதலில் கேட்பது, “யாருக்கு வேணும்? எதுக்கு வேணும்?” பதில் சரியாக இருந்தால் மூன்றாவதாக ஒன்று கேட்பார். “இவ்ளோ வேணுமா?” இந்த மூன்றாவது கேள்வியில்தான் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள்.

இதனால் அவரைக் கேமரா வேண்டாம் என்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சிங்கவரம் ரோட்டில் களை எடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்களிடம் பைக்கில் வந்து தாலிக்கொடி அறுத்த இரண்டு பேரைப் பிடித்தது கடைத்தெருக் கேமராவால்தான். ஒரு அம்மாவுக்குக் கம்மல் இழுத்ததில் காது கிழிந்துபோயிருந்தது. அந்தக் காதைப் பார்த்தவள் நான். கேமராவே கூடாது என்று என்னிடம் யாரும் வந்து பேச முடியாது. அந்தக் கேமராக்களை வாங்கி மாட்டியவர்கள் கடைத்தெரு வியாபாரிகள். படம் ஸ்டேஷனிலும் தெரியும், அவரவர் கடையிலும் தெரியும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அடுத்த வருஷத்து அமாவாசை ஒன்று, முற்பகல். கூண்டுக்கு ஒரு ஆள் ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும், வேட்டி நழுவுவதுகூடத் தெரியவில்லை. ராஜா என்று வைத்துக்கொள்வோம்.

“மேடம், என் சம்சாரத்தையும் கொழந்தையையும் காணோம் மேடம். கொழந்தையோட கிணத்துல வுழுந்துடுவேன்னு பக்கத்து வூட்டுல சொல்லிட்டு வந்துட்டா. காப்பாத்துங்க மேடம்” என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடையாளம் கேட்டேன். பச்சைச் சேலை, மஞ்சள் கட்டம் போட்ட பை, இடது புருவத்தில் தழும்பு, குழந்தைக்கு நான்கு வயது, காலில் கறுப்புக் கயிறு. கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். எங்கள் கூண்டின் சட்டப்படி பார்த்தால் நூற்றுக்கு நூறு. பாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயா வந்தார், மல்லாட்டை உடைத்துக்கொண்டே எல்லாம் கேட்டார்.

“புருவத்துல தழும்பு எப்படிப்பா?”

“வுழுந்துட்டா சார்.”

“எங்க?”

“வூட்டுலதான் சார்.”

ஐயாவின் விரல் நின்றுவிட்டது. ஆனால் அதற்காகத் தேடுவதை அவர் நிறுத்தவில்லை. ஒரு பெண்ணும் குழந்தையும் கிணற்றில் விழப் போகிறார்கள் என்றால், சொன்னவன் யாராக இருந்தால் என்ன, முதலில் உயிரைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் போன் எண்ணை வாங்கி, டவர் இருக்குமிடம் கேட்டு மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு அவரே எழுதினார். காரணத்தை அவர் கையாலேயே எழுதினார்.

பாண்டியன், “ஐயா, அப்படியே கால் லிஸ்டும் வாங்கிடலாம். எவன் கூடவாவது பேச்சு இருக்குதான்னு தெரிஞ்சிடும்” என்றான்.

“உயிரைப் புடிக்கறதுக்கு இருக்கற எடம் தெரிஞ்சா போதும். அவ யாரோட பேசினா ஒனக்கு இன்னா?” என்றார் ஐயா.

இடம் வந்தது. தளவானூர் பக்கம். ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மேரி, நீ போ. கெடைச்சா போன்ல எனக்கு மட்டும் சொல்லு. வயர்லெஸ்ஸ தொடாத” என்றார். வயர்லெஸ்ஸில் பேசினால் கூண்டில் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும். ராஜா அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

டிரைவரும் நானும் ஜீப்பில் போனோம். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கரும்புக் கொல்லையை ஒட்டி மோட்டார் கொட்டகை. பக்கத்தில் பெரிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. அந்தப் பெண் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தது. நிழலுக்காக உட்கார்ந்திருந்தாளா, கிணற்றுக்காக உட்கார்ந்திருந்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. முதலில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

அவளுக்குப் பெயர் கலா என்று வைக்கிறேன். யூனிபார்மைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தாள். ஓடத் தெம்பு இல்லை.

“அவரு அனுப்பினாரா?”

“அவரு காணோம்னு சொன்னாரு. நாங்க தேடினோம்.”

“அவருகிட்ட சொல்லாதீங்கக்கா. சொல்லப் போறீங்கன்னா என்னைத் தேடாமயே வுட்டிருக்கலாம்.”

புருவத்தைக் காட்டிக் கேட்டேன். “வுழல. செவுத்துல மோதினாரு” என்றாள். அதைச் சொல்லும்போது அழவில்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஐயாவுக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கல்ல? அங்கயே இரு. மகளிர் ஸ்டேஷனுக்குச் சொல்றேன்” என்றார். பிறகு அவர் கூண்டில் ராஜாவிடம் பேசியதைப் பாண்டியன் அப்புறம் எனக்கு நடித்தே காட்டினான்.

“உயிரோட இருக்காங்கப்பா. ரெண்டு பேரும் பத்திரமா இருக்காங்க. அவ்ளோதான்.”

“எங்க சார்?”

“அவ்ளோதான்னு சொன்னேன்.”

“நான் அவ புருஷன் சார்!”

“அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அத்தனை அடையாளமும் சொன்னியே. எங்க இருக்கான்றத அவதான் சொல்லணும். நீ பேசணும்னா உன் நம்பரக் குடு, நான் அவகிட்ட சேர்க்கறேன். அவளுக்கு இஷ்டம்னா கூப்புடுவா.”

ராஜா நம்பரும் கொடுக்கவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை. கோபமாக எழுந்து போனார். போனவர் எங்கே போனார்? எதிரே இருந்த பாத்திரக் கடைக்கு. அந்தக் கடைக்காரர் தங்கமான மனுஷன். அழுகிற ஆளை உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, காலையிலிருந்து ஓடிய படத்தையெல்லாம் பின்னால் தள்ளித் தள்ளித் தேடி, பச்சைச் சேலை எந்த பஸ்ஸில் ஏறியது என்று காட்டிவிட்டார். அதோடு நிற்கவில்லை. எனக்கே போன் செய்தார்.

“ஏட்டம்மா, நீங்க கஷ்டப்படாதீங்க. தளவானூர் பஸ்ல ஏறினத நானே காட்டிட்டேன். பாவம், பைக்க எடுத்துக்கினு பறக்கறாரு.”

அடப்பாவி மனுஷா! உடனே ஐயாவுக்குப் போன் போட்டேன். நாங்கள் வயர்லெஸ்ஸைக்கூடத் தொடாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால், இவர் சினிமா போட்டே காட்டியிருக்கிறார். கலாவையும் குழந்தையையும் ஜீப்பில் தூக்கிப் போட்டு, வந்த வழியில் போகாமல் கரும்புக் கொல்லைப் பக்கமாகச் சுற்றி வெளியேறினோம். குழந்தைக்கு ஒரே குஷி, ஜீப் குதிக்கும்போதெல்லாம் சிரித்தது. கலா சீட்டில் உட்காராமல் கீழே குனிந்து கிடந்தாள்.

ஐயாவும் பாண்டியனும் தளவானூர் பிரிவு ரோட்டில் ராஜாவை மடக்கினார்கள். பைக்கின் பெட்டியில் கொடுவாள் இருந்தது. “கழனிக்குப் போற ஆளு சார், எப்பவும் இருக்கும்” என்றார். கழனிக்காரர் வண்டியில் கொடுவாள் இருப்பது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை, எங்கள் நைனா சைக்கிளிலும் இருக்கும். அன்றைக்கு எதற்காக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். ஐயா அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் கலா மாஜிஸ்திரேட் முன்னால், நான் மேஜர், என் இஷ்டத்தில்தான் வந்தேன், திரும்பிப் போகமாட்டேன் என்று சொன்னாள். ஐயா காணவில்லை என்ற வழக்கை முடித்தபோது அவள் தங்கியிருக்கும் இடத்தைக் கோர்ட்டுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தார். அந்த வாரமே வியாபாரிகளைக் கூப்பிட்டு, கடைகளில் தெரிகிற படத்தை இனிமேல் யாருக்கும் ஓட்டிக் காட்டக் கூடாது, ஸ்டேஷனிலிருந்து எழுதிக் கேட்டால் மட்டுமே எடுக்க வேண்டும் என்றார். ஒருவருக்குக் கோபம். “நாங்க வாங்கிப் போட்ட கேமரா சார் அது.”

“கேமரா உங்களுதுதான். அதுல தெரியற ஜனம் உங்களுது இல்லையே” என்றார் ஐயா. பாத்திரக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். கொடுவாள் விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. அதற்கப்புறம் பல நாள் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கலா எங்கேயோ தூரத்து ஊரில் தையல் கம்பெனியில் சேர்ந்தாள். என்னிடம் அவள் நம்பர் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், புத்தாண்டுக்கு ஒரு போன். பொண்ணு முதல் ராங்க் எடுத்ததை அவள் சொன்னபோது என் பிள்ளைகள் எடுத்ததைவிடச் சந்தோஷப்பட்டேன். ஐயா ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய், அங்கேயே காலமானார். நானும் சிறப்பு உதவி ஆய்வாளராகி ஓய்வு பெற்றேன்.

இந்தக் கோடையில் ஒரு நாள் காலை, வாசலில் ஒரு ஆள். தலை நரைத்து, உடம்பு வற்றி, கையில் ஆரஞ்சுப் பழப் பை. அடையாளமே தெரியவில்லை.

“ராஜா மேடம். தளவானூர் விஷயம்” என்றார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடியை விட்டுவிட்டாராம். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். “நான் பண்ணது தப்பு மேடம், அத இல்லன்னு சொல்லல. பொண்ணு இப்ப பத்தாவது படிக்கும்ல? தூரத்துல நின்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்” என்று அழுதார். பழைய அழுகை இல்லை இது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

“நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே மேடம், இப்ப சொல்லலாம்ல?”

“உயிரோட இருக்காங்க. நல்லா இருக்காங்க. அவ்ளோதான்” என்றேன். ஐயாவின் வார்த்தைதான் வாயில் வந்தது. “உங்க நம்பரக் குடுங்க, நான் சேர்க்கறேன்.” இந்தத் தடவை கொடுத்தார். பழப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே கலாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குடியை விட்டது, அழுதது, நம்பர் கொடுத்தது எல்லாம். முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு உங்க வூட்ட எப்டிக்கா கண்டுபுடிச்சாரு?”

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் போலீசில் இருந்தவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள். ஓய்வுக்குப் பிறகு நான் வீடு மாறியவள். நான் கடைசியாக வேலை பார்த்த நிலையத்துக்குப் போன் போட்டேன். ஒரு இளம் காவலர் எடுத்தார், நல்ல பிள்ளை, நான் இருந்த காலத்தில் புதிதாக வந்து சேர்ந்தவர்.

“நான்தாம்மா சொன்னேன். ஓய்வூதியத்துக்குக் குடுத்திருந்த அட்ரஸ் சிஸ்டத்துல இருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சவருன்னு சொன்னாரு. சும்மா சொல்லிடலம்மா, விசாரிச்சிட்டுத்தான் சொன்னேன். உங்க பேரு, நீங்க இருந்த ஸ்டேஷனு, செல்வநாயகம் ஐயா பேரு, நீங்க மைக்குல பேசறது, எல்லாத்தையும் கரெக்டா சொன்னாரும்மா.”

அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் கூண்டில் என்ன செய்தோமோ அதைத்தான் அவனும் செய்திருக்கிறான். அடையாளம் கேட்டான், சரியாக வந்தது, கொடுத்துவிட்டான். என்னைத் தெரிந்த ஆளா என்று பார்த்தானே தவிர, எனக்கு ஒரு போன் போட்டு, சொல்லலாமா அம்மா என்று கேட்கவில்லை. கூட்டத்தில் நான் கேட்டதும் இந்த ஒன்றுதான். உயிர் போகிற அவசரத்தில் தேடுவதற்குப் போலீசைக் கட்டிப்போடாதீர்கள், கட்டிப்போட்டிருந்தால் அன்றைக்கு அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் நான் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். ஆனால் கிடைத்த விவரத்தை இன்னொருவரிடம் சொல்வதற்கு முன், அது யாருடைய விவரமோ அவரிடம் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். முழு விலக்குக் கேட்ட அதிகாரியும் பூட்டுக் கேட்ட வக்கீலும் ஒன்றாகக் குறித்துக்கொண்டார்கள். எழுதுவார்களா, தெரியாது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கலாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மறுநாளும் அதே. தையல் கம்பெனிக்குப் போட்டேன். வேலையை விட்டுப் போய்விட்டாள், பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிட்டாள் என்றார்கள். எங்கே போனாள் என்று கேட்டேன். எடுத்தவர் ஒரு பெண். “நீங்க யாரு? எதுக்குக் கேக்கறீங்க?” என்றார்.

ஐயா கேட்கிற அதே கேள்வி. போனை வைத்துவிட்டேன். அழுகையும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.